டிசம்பரில் ஏன் பேஸ்போல் பேசுகிறார்கள்? புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டவை நான்கு விடயங்கள். குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது, பேஸ்மென்ட் வாடகை எவ்வளவு கொடுக்கலாம், கார் ஓட்டும் லைசென்ஸுக்கு எப்போது போகலாம் என்பவை முதல் மூன்று. கடைசியாக, வேலை செய்யும் கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள், இந்தக் குளிரில் ஆட்டமே இல்லையே, இதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கியது நல்லது. வாடகைக்கு ரசீது கேளுங்கள். லைசென்ஸ் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வார்கள். நான்காவதற்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன்பே இந்தக் குளிர்காலச் சண்டையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

விதிகள் உங்களுக்குச் சிக்கலாக இரா. ஊரில் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாடியவர்கள் நாம். புரியாதது ஆட்கள் கைமாறும் முறைதான். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்க்காதீர்கள். இங்கே ஏலம் கிடையாது. ஓர் அணி ஓர் இளைஞரைத் தெரிவு செய்துவிட்டால், மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்தில் ஆறு வருடச் சேவையை முடிக்கும்வரை தான் எங்கே விளையாடுவது என்பதைப் பெரும்பாலும் அவர் தீர்மானிக்க முடியாது. ஏறக்குறைய முதல் மூன்று வருடங்கள் அடிமட்டச் சம்பளம். அதன்பின் சம்பளத்தைத் தீர்மானிக்க ஆர்பிட்ரேஷன் என்ற நடுவர் முறை. ஆறும் முடிந்தால் ஃபிரீ ஏஜென்ட். விரும்பிய அணியோடு பேசலாம். அதற்கு முன் அணி அவரை டிரேட் செய்தால், அதாவது வேறு அணிக்குக் கைமாற்றினால், பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இதை விளங்கிக்கொண்டால் சாப்பாட்டு மேசைச் சண்டையில் முக்கால்வாசி விளங்கிவிடும். "இன்னும் இரண்டு வருடம் இருக்கும்போதே கொடுத்தால்தான் நல்ல விலை" என்று ஒருவரும், "வைத்திருந்து ஒரு தடவையாவது வெல்வோம்" என்று இன்னொருவரும் கத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இனி எச்சரிக்கைகள். வதந்தியை நம்பாதீர்கள். 2023 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானிய நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஒட்டானி ரொறன்ரோவுக்கு விமானத்தில் வருகிறார் என்று இந்த நகரமே நம்பியது. கலிபோர்னியாவில் இருந்து புறப்பட்ட ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கானவர்கள் கைபேசியில் பின்தொடர்ந்தார்கள். இறங்கியவர் ஒரு தொழிலதிபர். மறுநாள் ஒட்டானி 10 வருடம், 700 மில்லியன் டொலர் என்று லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ் அணியில் சேர்ந்தார். என் வேலையிடத்தில் அன்று வயது வந்த மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

குளிர்காலத்தில் வென்றவர்களையும் நம்பாதீர்கள். 2012 நவம்பரில் மயாமியில் இருந்து ஹோசே ரெயஸ், மார்க் பியூர்லி, ஜோஷ் ஜோன்சன் எல்லோரும் ஒரே டிரேடில் வந்தார்கள். அடுத்த மாதம் ஆர். ஏ. டிக்கியை எடுக்க நோவா சின்டர்கார்ட் என்ற இளம் பிட்சரையும் (பந்தெறிபவர்) கொடுத்தார்கள். கிண்ணம் நமக்குத்தான் என்று எல்லோரும் எழுதினார்கள். 2013இல் அணி 74 வெற்றி, 88 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி. மறுபக்கம் ஏர்னி கிளெமென்ட்டைப் பாருங்கள். ஓக்லண்ட் அணி வேண்டாம் என்று விடுவித்த ஆள். ரொறன்ரோ அவரை எடுத்தபோது எந்தச் சாப்பாட்டு மேசையிலும் ஒரு வார்த்தை கிடையாது. 2025இல், பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் ஆட்டங்களில், அவர் 30 ஹிட் (தளத்தை எட்டவைத்த அடி) அடித்தார். ஒரே பிளேஓஃப் பருவத்தில் அதற்கு முன் யாரும் அத்தனை அடித்ததில்லை. ஆகவே பெரிய பெயர்களைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லும் ஆட்களிடம் கவனமாக இருங்கள்.

முதல் வருடத்திலேயே முதுகில் ஆட்டக்காரர் பெயர் போட்ட சட்டை வாங்காதீர்கள். விலையும் அதிகம், ஆளும் போய்விடக்கூடும். விளடிமிர் கெரேரோ ஜூனியர் பெயரென்றால் பயமில்லை. 2025 ஏப்ரலில் 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டுவிட்டார்.

இதைவிட முக்கியமானது ஒன்று. போகிறவரைத் துரோகி என்று சொல்லாதீர்கள். எங்கள் ஆட்கள் வாயிலேயே இந்தச் சொல் அடிக்கடி வருகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ரோய் ஹலடே பன்னிரண்டு பருவம் இங்கே பந்தெறிந்தார். ஒரு பிளேஓஃப் ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2009 டிசம்பரில் பிலடெல்பியாவுக்குப் போனார். அடுத்த ஒக்டோபரில், தன் முதல் பிளேஓஃப் ஆட்டத்திலேயே, எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் வென்றார். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்கிற நாம் அந்த மனிதரைப் பார்த்து ஏன் போனாய் என்று கேட்பதா?

நான் வந்தது 1990இல். நகர மத்தியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துவைத்துக்கொண்டே வேலை வாங்கினார். கேட்க எனக்கு மொழி போதாது. என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார்கள், அல்லது தட்டைத் தட்டுவார்கள். அந்த டிசம்பர் 5ஆம் திகதி ஃபிரெட் மெக்ரிஃப், டோனி ஃபெர்னாண்டஸ் இருவரையும் சான் டியகோவுக்குக் கொடுத்து, ஜோ கார்ட்டர், ரொபேர்ட்டோ அலமார் இருவரையும் ரொறன்ரோ எடுத்தது. சமையலறை இரண்டாகப் பிரிந்தது. தலைமைச் சமையல்காரர் கார்ட்டர் வந்ததில் மகிழ்ந்தார். என்னோடு கழுவிய டொமினிக்கன் குடியரசுக்காரருக்கு அது இழவுச் செய்தி. ஃபெர்னாண்டஸ் அவருடைய நாட்டுக்காரர், சிறந்த பந்துபிடிப்புக்கான கோல்ட் குளோவ் விருதை நான்கு தடவை வாங்கிய ஷோர்ட்ஸ்டொப், அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர். வாரக்கணக்காகச் சண்டை போட்டார்கள். ஒருநாள் நான், இரண்டு நல்லவர்களைக் கொடுத்து இரண்டு நல்லவர்களை எடுப்பதில் என்ன லாபம் என்று கேட்டேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடர் எழுதும் தாளின் பின்பக்கத்தில் மைதானத்தை வரைந்து, யார் எங்கே நிற்பார், யாருக்கு எத்தனை வயது என்று மாறி மாறி விளக்கினார்கள். அன்றைக்குத்தான் சமையல்காரர் என் பெயரைக் கேட்டார். என் சம்பளத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான்.

1992, 1993 இரண்டு வருடமும் கிண்ணம் வந்தது. 1993 ஒக்டோபர் 23ஆம் திகதி கார்ட்டர் அடித்த கடைசிப் பந்தை இன்றைக்கும் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் என் டொமினிக்கன் நண்பருக்கு வேறொரு மகிழ்ச்சி இருந்தது. அந்த வருடம் ஜூனில் ஃபெர்னாண்டஸ் ரொறன்ரோவுக்குத் திரும்பியிருந்தார். இறுதித் தொடரில் 9 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். நாங்கள் யங் வீதியில் விடியும்வரை நடந்தோம். அவர் ஃபெர்னாண்டஸ் பெயரை மட்டும்தான் கத்தினார்.

ஸ்காபரோவில் முப்பது வருடமாக இருந்தும், கிரிக்கெட் தவிர மற்றது விளையாட்டே இல்லை என்று சொல்லி வேலையிடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பிறகு, வெள்ளைக்காரர் பழக மாட்டார்கள் என்று குறை சொல்வார்கள். நானும் கிரிக்கெட் பார்க்கிறவன்தான். அதற்காக இதை ஏன் விடவேண்டும்? இன்னொரு கூட்டம் 2025 ஒக்டோபரில் மட்டும் நீலச் சட்டை வாங்கியது. நவம்பர் 1ஆம் திகதி இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இனிங்ஸில் 5–4 என்று டொட்ஜர்ஸிடம் தோற்றதும் கழற்றி வைத்துவிட்டது. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இந்த வாதங்களால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். மொன்றியல்காரர்களைக் கேளுங்கள். 1994இல் அவர்களின் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணி 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லோருக்கும் முன்னால் நின்றபோது ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் வந்து பருவமே போனது. அடுத்த வசந்தத்தில் கிரிஸம், வெட்டலன்ட், ஹில் என்ற முக்கிய ஆட்டக்காரர் மூவரையும் சில நாட்களுக்குள் கொடுத்துவிட்டார்கள். லாரி வோக்கரையும் போகவிட்டார்கள். ரசிகர்களின் நம்பிக்கை உடைந்தது. 2004க்குப் பிறகு அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது. என் மைத்துனர் அதோடு பேஸ்போல் பார்ப்பதை விட்டார். நிர்வாகம் ஆட்களை விடும்போது ஊர் கோபப்படவேண்டும். கோபப்படாத ஊரில் அணி தங்காது.

2025 டிசம்பரில் வேலையிட மேசைகளில் போ பிஷெட்டின் பெயர்தான் அடிபட்டது. அந்த ஏழாவது ஆட்டத்தில் ஒட்டானியின் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து மூன்று ரன் ஹோமர் எடுத்தவர், அப்போது ஃபிரீ ஏஜென்ட். அணி அதற்குள் டிலன் சீஸ் என்ற பிட்சருக்கு 7 வருடத்துக்கு 210 மில்லியன் டொலர் ஒப்புக்கொண்டிருந்தது. பிஷெட்டுக்கும் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சியாக இருந்தது. அவருடைய முழங்கால் காயத்தைக் காரணம் காட்டி வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிஷெட்டைத் திரும்ப எடுத்திருந்தால் எங்கே நிறுத்தியிருப்பார்கள், அவருடைய இடமான ஷோர்ட்ஸ்டொப்பில் ஹிமேனெஸ் நன்றாகத்தானே பிடித்தார்? கேட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். பதில் சொல்ல அந்த மேசையில் உள்ளவர்கள் போதும். யாராவது தாளில் வரைந்து காட்டினால் அவரோடு பழகுங்கள். ஏப்ரலில் வார நாள் ஆட்டம் ஒன்றுக்கு மைதானத்தின் மேல்மட்டத்தில், 500 என்று எண் போட்ட வரிசைகளில், டிக்கெட் இரண்டு எடுத்து அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.