காட்டுக் காற்றுத் துகளில் கரிம அமிலம்: வடசென்னை ஆய்வகக் கேள்விகள், பதில்கள்

தண்டையார்பேட்டை, எம்.எஸ்சி. மாணவி: அக்கா, கொல்லிமலைக் காட்டில் காற்றுத் துகள் பிடித்த குவார்ட்ஸ் ஃபில்டர் வந்திருக்கிறது. ஐ.சி.யில் (அயனி குரோமட்டோகிராஃபி) தொடங்கவா, ஜி.சி.-எம்.எஸ்.ஸிலா (வாயு குரோமட்டோகிராஃபியும் நிறை நிறமாலைமானியும்)?

எந்த அமிலம் வேண்டும் என்பதைப் பொறுத்ததும்மா அது. ஆக்சாலிக், மலோனிக், சக்சினிக் போன்ற நீரில் கரையும் சின்ன அமிலங்களுக்கு ஐ.சி. போதும். பைனானிக், பைனிக், 3-எம்.பி.டி.சி.ஏ. (3-மெத்தில்பியூட்டேன்-1,2,3-டிரைகார்பாக்சிலிக் அமிலம்) எல்லாம் மரம் விடும் ஆல்ஃபா-பைனீன் என்ற வாயு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிறப்பவை, அவற்றுக்கு ஜி.சி.-எம்.எஸ். வேண்டும். ஃபில்டரை இரண்டாக வெட்டி இரண்டையும் செய்யலாம். அகன்ற இலைக் காடு பெரும்பாலும் ஐசோப்ரீன் என்ற வேறு வாயுவைத்தான் விடும். அதனால் ஐசோப்ரீனிலிருந்து பிறக்கும் 2-மெத்தில்கிளிசெரிக் அமிலத்தையும் பட்டியலில் சேருங்கள். பைனீன் அமிலம் குறைவாக வந்தால் உடனே கருவியைத் திட்ட வேண்டாம்.

ராயபுரம்: மேடம், எங்கள் வெற்று ஃபில்டரிலேயே அசிட்டேட் (அசிட்டிக் அமிலத்தின் அயனி) வருகிறது.

மஃபிள் ஃபர்னஸில் (உயர்வெப்ப உலையில்) 450 முதல் 500 டிகிரியில் ஆறு மணி நேரம் சுட்டீர்களா? சுற்றி வைக்கும் அலுமினியத் தாளையும் சுட வேண்டும். சுட்ட பிறகு கை படக்கூடாது, ஃபோர்செப்ஸ் மட்டும்தான். அதே அறையில் கிளேஷியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமில பாட்டிலைத் திறந்தால், சுட்டதெல்லாம் வீண். காட்டுக்கு எடுத்துப்போய், சாம்பிளரில் மாட்டி, பம்ப்பை ஓட்டாமலே திரும்பக் கொண்டு வரும் கள வெற்று ஃபில்டர் ஏழாவது இருந்தால்தான் கண்டறியும் எல்லையைச் சொல்ல முடியும்: அவற்றின் திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கு. ஃபார்மிக்கும் அசிட்டிக்கும் பெரும்பகுதி வாயுவாகவே இருக்கும், அந்த வாயுவைக் குவார்ட்ஸ் உறிஞ்சிக்கொள்ளும். முன்னால் டினூடரோ (வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும் குழாய்) பின்னால் இன்னொரு ஃபில்டரோ இல்லாமல் அந்த இரண்டையும் 'துகள் அமிலம்' என்று எழுதாதீர்கள்.

எண்ணூர்: ஐ.சி.யில் ஆக்சலேட் பீக் (ஆக்சாலிக் அமிலத்துக்கான மேடு) சரியாகப் பிரியவில்லை. காட்டு சாம்பிளில் நன்றாக வந்தது, எங்கள் ஊர் சாம்பிளில் வரவில்லை.

ஹைட்ராக்சைடு எலுவெண்டில் (ஐ.சி.யில் ஓடும் கரைசலில்) ஆக்சலேட் சல்பேட்டுக்குப் பின்னால் வருகிறது. உங்கள் பக்கத்துக் காற்றில் சல்பேட் அதிகம், அந்த மேட்டின் வாலில் ஆக்சலேட் உட்கார்ந்துவிடுகிறது. சல்பேட் இறங்கும் இடத்தில் கிரேடியண்டை (எலுவெண்ட் செறிவு ஏறும் வேகத்தை) மெதுவாக்குங்கள், இன்ஜெக்‌ஷன் அளவைக் குறையுங்கள். சந்தேகம் தீர, தெரிந்த அளவு ஆக்சலேட்டை சாம்பிளில் கலந்து மீட்பு எவ்வளவு என்று பாருங்கள். சக்சினேட்டும் மாலேட்டும் ஒட்டிக்கொண்டு வரும் ஐ.சி. பிரிப்புக் குழாய்கள் (column) உண்டு. அப்போது இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுக்காதீர்கள். கரைசலை அன்றே ஓட்டிவிடுங்கள். ஒரு நாள் வெளியில் கிடந்தால் பாக்டீரியாவே அமிலத்தைத் தின்றுவிடும்.

மணலி: பி.எஸ்.டி.எஃப்.ஏ. (அமிலத்தை ஜி.சி.-எம்.எஸ்.ஸுக்கு ஏற்ற சிலைல் சேர்மமாக மாற்றும் ரீஏஜெண்ட்) போட்ட பிறகு பைனிக் அமிலம் ஒரு நாள் பெரியதாக, மறுநாள் பாதியாக வருகிறது. ஏன் சார்?

சார் இல்லை, மேடம். ஈரம்தான் காரணம், கடற்கரை ஊரில் முதல் சந்தேகம் அதன் மேல்தான். டைகுளோரோமீத்தேன் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலந்து, அதில் ஃபில்டரைப் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை சோனிகேட் செய்யுங்கள் (மீயொலியால் குலுக்குங்கள்). சுட்ட குவார்ட்ஸ் பஞ்சில் வடிகட்டி, சுண்டவைத்து, நைட்ரஜனில் முழுக்க உலர்த்துங்கள். மெத்தனால் துளி மிச்சமிருந்தாலும் அது ரீஏஜெண்ட்டைத் தின்னும். நைட்ரஜன் குழாயில் ஈரத்தை உறிஞ்சும் மாலிக்யுலர் சீவ் வையுங்கள். ஒரு சதவீத டி.எம்.சி.எஸ். (வினையைத் தூண்டும் துணைப் பொருள்) கலந்த பி.எஸ்.டி.எஃப்.ஏ. 50 மைக்ரோ லிட்டர், பிரிடின் 10 மைக்ரோ லிட்டர் விட்டு, டெஃப்லான் உள்மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியில் 70 டிகிரியில் மூன்று மணி நேரம். ஆறியதும் டிரைடெகேன் உள்தரம் (ஒப்பிடுவதற்குத் தெரிந்த அளவில் சேர்ப்பது) கலந்த ஹெக்சேன் சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் ஓட்டுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ரீஏஜெண்ட் பாட்டிலை உடனே திறக்காதீர்கள், அது அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் நம்ம ஊர் காற்று உள்ளே வேர்த்துக் கொட்டும். பெரிய பாட்டிலைவிட ஒரு முறை உடைத்துத் தீர்க்கும் ஆம்ப்யூல் வாங்குவது லாபம். பைனிக் முழுதாக மாறியிருந்தால் நிறை எண் 315 தெரியும். 73 எல்லா சிலைல் சேர்மத்திலும் வரும், அதை நம்பி அடையாளம் சொல்லக்கூடாது. சாறு எடுக்கும் முன்பே ஃபில்டரில் கீட்டோபைனிக் அமிலம் தெரிந்த அளவு விட்டால், எந்தக் கட்டத்தில் இழக்கிறீர்கள் என்று பிடிபடும். ஆக்சாலிக்கை இந்த வழியில் தேடாதீர்கள், உலர்த்தும்போதே பறந்துவிடும். அதற்கு போரான் டிரைஃப்ளூரைடு கலந்த பியூட்டனால், 100 டிகிரி, ஒரு மணி நேரம்.

திருவொற்றியூர்: காற்றில் அமிலம் எவ்வளவு என்ற கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.

நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்று, 24 மணி நேரம் என்றால் 24 கன மீட்டர். பாதி ஃபில்டர், 10 மில்லி லிட்டர் நீர். ஐ.சி. காட்டியது லிட்டருக்கு 0.14 மில்லிகிராம், வெற்று 0.02. மீதி 0.12, அதாவது சாற்றில் 1.2 மைக்ரோகிராம், முழு ஃபில்டரில் 2.4. அதை 24-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது 100 நானோகிராம். பாதியாக வெட்டாமல் பஞ்ச் (சின்ன வட்டத் துண்டு) எடுத்தால், தூசி படிந்த வட்டத்தின் பரப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஃபில்டரின் முழுப் பரப்பை இல்லை.

கொடுங்கையூர்: காட்டையும் எங்கள் ஏரியாவையும் ஒப்பிட எதைப் பார்ப்பது?

டெரெஃப்தாலிக் அமிலம். பிளாஸ்டிக் எரிந்தால் அது ஏறும், மரம் அதை விடாது. அடுத்து மலோனிக்-சக்சினிக் விகிதம்: வண்டிப் புகையில் ஒன்றைவிட நன்றாகக் குறைவு, வெயிலில் முதிர்ந்த காற்றில் ஒன்றைத் தாண்டும். காட்டு சாம்பிளுக்கு மட்டும் 3-எம்.பி.டி.சி.ஏ.வைப் பைனானிக்கால் வகுத்துப் பாருங்கள். பைனானிக் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து 3-எம்.பி.டி.சி.ஏ. ஆவதால், விகிதம் கூடக் கூடத் துகள் பழையது. ஆனால் பைனானிக் ஃபில்டரிலிருந்து ஆவியாகவும் செய்யும். ஐஸ் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் வந்த ஃபில்டருக்கு அந்த விகிதத்தைப் போடாதீர்கள்.