நடுநரம்பு இல்லாத இலை

கேள்வி: போன மாதம் வனத்துறை அனுமதியோடு மேல் கோதையாறு பக்கம் போயிருந்தோம். பாதையில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையை இத்துடன் வைத்திருக்கிறேன். கூட வந்தவர் ‘நிறம்பாலி’ என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு நூலில் போடோகார்பஸ், இன்னொன்றில் டெக்குசோகார்பஸ், இணையத்தில் நாகியா என்று இருக்கிறது. எது சரி? போதாததற்கு இது ஊசியிலை மரமாம். இவ்வளவு அகலமான இலை எப்படி ஐயா ஊசியிலை ஆகும்?
– ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: இலையை நாள்காட்டித் தாளில் மடித்து அனுப்பியிருந்தீர்கள். நல்ல காரியம். பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புகிறவர்களின் இலை என் கைக்கு வரும்போது பூஞ்சைதான் மிச்சமிருக்கும்.

ஸ்கேல் வைத்து அளந்தேன், 12 செ.மீ. இருந்தது. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்ததுமே பாதி பதில் கிடைத்துவிட்டது. மா, பலா, பூவரசு என்று நம் ஊர் மரத்து இலை எதை எடுத்தாலும் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு நரம்பு ஓடும். உங்கள் இலையில் அது இல்லை. காம்பிலிருந்து புறப்படும் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில், அருகருகே, நுனி வரைக்கும் போய்ச் சேர்கின்றன. மூங்கில் இலையை அகலப்படுத்தி, தோல் மாதிரி தடிப்பாக்கியது போல இருக்கிறது. கூட வந்தவர் சொன்னது சரி. இது நிறம்பாலிதான். இன்றைய அறிவியல் பெயர் நாகியா வாலிச்சியானா.

இந்த மரத்திடம் நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அதே மலைக்குப் போனபோது, நல்ல உயரத்தில் ஒரு கிளையைக் காட்டி, ‘எதிரெதிர் இலை, தடித்த தோல், நெருக்கமான கோடுகள். காட்டுப் புன்னை, எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற காணிப் பழங்குடிப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஓர் இளங்கன்றின் இலைக்காம்பைக் கிள்ளி என்னிடம் நீட்டி, “புன்னைன்னா பால் வடியுமே சார்?” என்றார். காம்பு காய்ந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் இலையைத் திருப்பிப் பார்த்தேன். புன்னையிலும் கோடுகள் நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அவை தடித்த நடுநரம்பிலிருந்து கிளம்பி இரண்டு பக்க விளிம்புக்கும் ஓடும். இதில் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. இருபது மாணவர்களும் நோட்டில் அடித்து எழுதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, ஊசியிலை விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. தாவரவியலில் இந்த மரங்களை இலை அகலத்தை வைத்துப் பிரிப்பதில்லை, விதையை வைத்துப் பிரிக்கிறார்கள். மாங்கொட்டையைச் சுற்றிச் சதையும் தோலும் மூடியிருக்கின்றன. பைன், சைகஸ், நிறம்பாலி போன்றவற்றில் விதைக்கு அப்படிக் கனிச்சுவர் கிடையாது. திறந்த விதைத் தாவரங்கள், அதாவது ஜிம்னோஸ்பெர்ம்கள். நிறம்பாலியில் காம்பின் நுனி சதைப்பிடிப்பாக வீங்கியிருக்கும். அதன் தலையில் சின்ன நெல்லிக்காய் அளவில், கருநீலமாக ஒற்றை விதை உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்துக் கொல்லாம்பழத்தை, அதாவது முந்திரிப்பழத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வீங்கியது காம்புதான். ஆனால் கொல்லாங்கொட்டைக்கு ஓடு என்கிற கனிச்சுவர் உண்டு, இங்கே அது இல்லை. எல்லா மரத்திலும் விதையைத் தேடி ஏமாறாதீர்கள். பனையில் அலகு, பருவம் என்று இருப்பது போல இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் பைன் மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் கூம்புத் தாவரம், அதாவது ஊசியிலை மரம், இந்த நிறம்பாலி ஒன்றுதான். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இதன் குடும்பத்தார் பெரும்பாலும் பூமியின் தென் அரைக்கோளத்து ஆட்கள். இதே மரம் வடகிழக்கு இந்தியா, மியான்மர், மலாயா வழியாக நியூகினி வரை இருக்கிறது.

பெயர்ச் சண்டை இப்படி. கல்கத்தா தாவரத் தோட்டத்தில் இருந்த வாலிச் 1830-ல் இதற்குப் போடோகார்பஸ் லாட்டிஃபோலியஸ் என்று பெயர் வைத்தார். அதே பெயர் தென்னாப்பிரிக்க மரம் ஒன்றுக்கு முன்பே போய்விட்டிருந்தது. இரண்டு மரத்துக்கு ஒரு பெயர் கூடாது. எனவே 1844-ல் பிரெஸ்ல் என்பவர் வாலிச்சின் பெயரையே சூட்டி போடோகார்பஸ் வாலிச்சியானஸ் ஆக்கினார். 1969-ல் டெ லாபென்ஃபெல்ஸ், நடுநரம்பு இல்லாத இந்தக் கூட்டத்தையும் வேறு சிலவற்றையும் சேர்த்து டெக்குசோகார்பஸ் என்ற புதுப் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு; அறிவியல் பெயரின் முதல் சொல் அதுதான்) வைத்தார். அதில்தான் சிக்கல். அந்தக் கூட்டத்திலேயே இருந்த ஜப்பானிய மரத்துக்கு, அங்கே அதை அழைக்கும் ‘நாகி’ என்ற சொல்லிலிருந்து, 1788-லேயே கேர்ட்னர் நாகியா என்று பேரினப் பெயர் வைத்துவிட்டார். மூத்த பெயர் இருக்க இளைய பெயர் செல்லாது. ஆக உங்கள் நூல்கள் தப்பில்லை, அச்சான ஆண்டுதான் வேறு.

‘வீட்டில் வளர்க்கலாமா?’ என்று உறையின் பின்பக்கம் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மழைக்காட்டு நிழலில் முளைத்து வளரும் மரத்தை அம்பாசமுத்திரத்து வெயிலில் கொண்டுவந்து நிறுத்துவானேன்? தவிர, அது புலிகள் காப்பகம். உதிர்ந்த இலையானாலும் இன்னொரு முறை எடுத்து வராதீர்கள். கேமரா போதும். இலையின் அடிப்பக்கம், பட்டை, மரத்தடியில் விதை கிடந்தால் அது, பக்கத்தில் அளவுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயம். விதையோடு காம்பும் படத்தில் விழட்டும்.