பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் 4 நாளாகக் காணாமல் போன பூனை, சிறுத்தை தூக்கியதா?

சிறுத்தை என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். 10 மாத ஆண் பூனை, கருத்தடை செய்யவில்லை என்கிறீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். பெண் பூனை வாசனை பிடித்துக்கொண்டு நாலு தோட்டம் தாண்டிக்கூடப் போகும், அங்கே இருக்கும் பெரிய கடுவனிடம் கடி வாங்கிக்கொண்டு எங்காவது பதுங்கிக் கிடக்கும்.

அடிபட்ட பூனை கூப்பிட்டால் பெரும்பாலும் குரல் கொடுக்காது. அதனால் பகலில் கத்திக் கூப்பிட்டது பலிக்கவில்லை என்று மனம் விட வேண்டாம். இன்று ராத்திரி ஊர் அடங்கியதும் டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில் பிடித்து, வைக்கோல் போர், பம்ப்செட் ரூம், கல் இடுக்கு என்று தாழ்வாக அடித்துப் பாருங்கள், பூனையின் கண் பளிச்சென்று மின்னும். அப்புறம் பூட்டிய கொட்டகைகள். எங்கள் பூனை 6ஆம் நாள் பக்கத்துப் பட்டுப்புழுக் கொட்டகையில்தான் கிடைத்தது, எலும்பும் தோலுமாக. "நம்ம பெக்கு நோடிதீரா?" (எங்கள் பூனையைப் பார்த்தீர்களா?) என்று கன்னடத்தில் கேட்டு, கதவைத் திறக்கச் சொல்லி நீங்களே பாருங்கள்.

பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய இடத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்மைதான், இருட்டில் தனியாகப் புதருக்குள் போகாதீர்கள். காயத்தோடு கிடைத்தால் நேராக டாக்டரிடம் போங்கள். பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.