கனமான பழைய ட்யூபாவைக் கொடுத்து வேறு கருவி வாங்க: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது கான் கம்பெனியின் பழைய 20ஜே ட்யூபா (பெரிய பித்தளை ஊதுகருவி), மூன்று வால்வு (காற்றின் பாதையை மாற்றும் அமுக்குக் கட்டை). தூக்கினாலே முதுகு பிடித்துக்கொள்கிறது. மாற்றிவிடலாமா சார்?

பதில்: வலி வாசிக்கும்போதா, தூக்கிப்போகும்போதா? உட்கார்ந்து வாசிக்கும்போது மட்டும் என்றால் ட்யூபா ஸ்டாண்டு போதும். தொடைக்கு வரும் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். அந்த அகன்ற, கனத்த நாதத்தை அவசரப்பட்டு விடாதீர்கள். வாராவாரம் படியேற்றி இறக்குவதுதான் பாடு என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: கடையில் எப்படி விலை பேசுவது?

பதில்: இரண்டு விலையையும் சேர்த்துப் பேசவே கூடாது. புதியதை ரொக்கத்துக்கு வாங்கினால் என்ன விலை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பழையதைப் பிறகு காட்டுங்கள். முதலிலேயே காட்டினால், பழசுக்குக் கூட்டித் தந்த தொகை புதுசின் விலையில் ஏறிவிடும்.

கேள்வி: வால்வு தேய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். வால்வுக்கு எண்ணெய், ஸ்லைடுக்கு (வெளியே இழுக்கக்கூடிய குழாய்க்கு) கிரீஸ் போடுங்கள். வால்வை அமுக்காமல் அதன் ஸ்லைடை இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, ஐந்து எண்ணிவிட்டு அமுக்குங்கள். 'டப்' என்று பலமாகக் கேட்டால் காற்று நிற்கிறது. சத்தமே இல்லையென்றால் பிஸ்டனுக்கும் (வால்வுக்குள் ஏறி இறங்கும் உருளைக்கும்) உறைக்கும் நடுவே கசிகிறது. ஒவ்வொரு வால்வுக்கும் இப்படியே செய்யுங்கள். பிஸ்டனுக்கு முலாம் ஏற்றி மறுபடி பொருத்தலாம். ஆனால் செலவு அதிகம், விற்பதற்காகச் செய்யாதீர்கள். மவுத்பீஸ் (வாய் வைத்து ஊதும் துண்டு) செருகும் குழாயையும் வெளிச்சத்தில் பாருங்கள். இளஞ்சிவப்புப் புள்ளியும் அதன் நடுவில் கரும்புள்ளியும் தெரிந்தால், துத்தநாகம் கரைந்து பித்தளை உள்ளிருந்து அரிக்கிறது. அதைச் சொல்லாமல் விற்கக் கூடாது.

கேள்வி: பாலிஷ் போட்டால் விலை கூடுமா?

பதில்: குறையும். இயந்திரத்தில் தேய்த்தால் தகடு மெலியும், சித்திர வேலையும் வரிசை எண்ணும் மழுங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, அவ்வளவுதான். வெந்நீர் வேண்டாம், லாக்கர் என்ற மேல்பூச்சு உரியும்.

கேள்வி: ட்யூபாவுக்குப் பதிலாக அதன் சிறிய உறவான யூஃபோனியம் எடுத்தால் விரல் மாறுமா?

பதில்: மாறாது. உங்கள் பி பிளாட் ட்யூபாவின் குழாய் சுமார் 18 அடி, யூஃபோனியம் 9 அடி. சரிபாதி என்பதால் பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான குறிமுறையில்) அதே விரல்கள், ஒரு ஸ்தாயி மேலே. ஈ பிளாட் ட்யூபா 13 அடி, எஃப் ட்யூபா 12 அடி; அவற்றுக்கு விரல்களைப் புதிதாகப் பழக வேண்டும்.

கேள்வி: மூன்று வால்வு யூஃபோனியம் போதாதா?

பதில்: நான்கு வால்வே வாங்குங்கள். 1, 3 வால்வுகள் சேர்ந்தால் சுருதி தப்பி ஏறும். 1, 2, 3 சேர்ந்தால் இன்னும் ஏறும். நாலாவது வால்வு இருந்தால் 'சி' ஸ்வரத்துக்கு 4, 'பி நேச்சுரல்' ஸ்வரத்துக்கு 2, 4 போதும். அதற்கும் கீழே இறங்கும்போது மிஞ்சும் பிழையைச் சரிசெய்வது 1874இல் டேவிட் பிளேக்லி வகுத்த ஈடுசெய் முறை: நாலாவதை அமுக்கினால் காற்று மற்ற வால்வுகளின் கூடுதல் குழாய்களிலும் சுற்றி வரும். குழாய் கூடுவதால் எடையும் கூடும். முதுகுவலிக்காரர் இந்த முறை உள்ளது, இல்லாதது இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ட்யூபா மவுத்பீஸ் யூஃபோனியத்தில் பொருந்தாது. புதிதாக ஒன்று வாங்கக் காசு ஒதுக்குங்கள்.