அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இரைப்பைப் புற்றுநோய் வந்ததா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சில மாதங்களாகப் பசியில்லை, எடையும் குறைந்துகொண்டே வந்தது. எண்டோஸ்கோபி செய்ததில் இரைப்பையில் புற்றுநோய் என்றும், கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இது வந்தது, அதை ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். டாக்டரோ கீமோ தொடங்குவதற்கு முன்னால் அதே பயாப்ஸியில் பி.டி.-எல்1, எம்.எஸ்.ஐ., ஹெர்2 என்று இன்னும் சில சோதனைகள் எழுதியிருக்கிறார். இம்யூனோதெரபி என்பது எதிர்ப்பு சக்தியை ஏற்றும் ஊசியா? இந்தச் சோதனைகளுக்கு இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: செய்யத்தான் வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், அம்மா நேரத்துக்குச் சாப்பிடாமல், விரதம் இருந்து, உடம்பைக் கவனிக்காமல் விட்டதால்தான் இது வந்தது என்று வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அது உண்மையும் இல்லை, அவர் காதில் விழவும் கூடாது.

இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைந்து வருவதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று ஒரு கிருமி, பெரும்பாலும் சின்ன வயதிலேயே வயிற்றுக்குள் வந்துவிடும், தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பல பத்து வருடங்கள் அப்படியே குடியிருக்கும். வெள்ளை அணுக்கள் அதை விரட்டத் திரண்டு வருகின்றன, ஆனால் முழுசாக விரட்ட முடிவதில்லை, திரும்பிப் போகவும் மாட்டேன் என்கின்றன. இந்தத் தீராத அழற்சியில்தான் இரைப்பையின் உள்சுவர் மெலிந்து, குடல் சுவர் மாதிரி உருமாறி, சிலருக்கு மட்டும் கடைசியில் புற்றுநோயாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆக, அம்மாவின் எதிர்ப்பு சக்தி தூங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது, அது வருடக்கணக்காக வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அப்படியானால் புற்றுநோய்ச் செல்லை அது ஏன் விட்டுவைத்தது என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன புரதம் தயாராகிறது என்பதற்கு ஒரு துண்டு மாதிரியை வெளிச்சுவரில் எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும், டி செல் என்ற ஒரு வகை வெள்ளை அணு வந்து தடவிப் பார்த்து, பழக்கமில்லாத துண்டாக இருந்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். சில புற்றுநோய்ச் செல்கள் இந்த மாதிரியைக் காட்டுவதையே நிறுத்திவிடுகின்றன. சில, டி செல் நெருங்கும்போது பி.டி.-எல்1 என்ற புரதத்தை வெளியே நீட்டுகின்றன. டி செல்லின் மேல் பி.டி.-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது, இந்தப் புரதம் போய் அதை அழுத்திவிடும், அவ்வளவுதான், பக்கத்தில் வந்து நின்ற டி செல் ஒன்றும் செய்யாமல் நிற்கும். அந்த பிரேக்கைப் புற்றுநோய் கண்டுபிடிக்கவில்லை, அது நம் உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாமல் இருக்க வைத்திருப்பது, புற்றுநோய் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இது போதாதென்று கட்டியைச் சுற்றி, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் டி செல்களும், கட்டிக்குச் சாதகமாக மாறிப்போன மேக்ரோபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள்) சேர்ந்துவிடும். சிலருடைய பயாப்ஸியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கட்டியின் விளிம்பு வரை வெள்ளை அணுக்கள் நீலப் புள்ளிகளாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது தெரியும், உள்ளே ஒன்றிரண்டுதான் இருக்கும்.

இம்யூனோதெரபி என்று உங்கள் டாக்டர் சொல்வது நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளை. இவை சக்தியை ஏற்றுவதில்லை, அந்த பிரேக்கை மட்டும் விடுவிக்கின்றன. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு 1992-ல் பி.டி.-1-ஐக் கண்டுபிடித்தது, 2018-ல் அவருக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக்கே மாட்டியிராத இடத்தில் இந்த மருந்தால் பெரிய பலன் இருக்காது, அதனால்தான் சோதனைகள்.

பி.டி.-எல்1 சோதனையில் பயாப்ஸித் துண்டுக்குச் சாயமேற்றி, பழுப்பு நிறம் பிடித்த புற்றுநோய்ச் செல்கள், லிம்போசைட்டுகள் (டி செல் போன்ற வெள்ளை அணுக்கள்), மேக்ரோபேஜ்கள் எல்லாவற்றையும் பேத்தாலஜிஸ்ட் எண்ணுவார், அதை மொத்தப் புற்றுநோய்ச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குவார். அதுதான் ரிப்போர்ட்டில் சி.பி.எஸ். என்று வரும். குறைந்தது 100 புற்றுநோய்ச் செல்களாவது துண்டில் இருக்க வேண்டும், துண்டு சிறிதாக இருந்தால் மறுபடி எண்டோஸ்கோபி செய்யச் சொல்வார்கள், அப்போது கோபப்படாதீர்கள். 2021-ல் வெளியான செக்மேட் 649 ஆய்வில் சி.பி.எஸ். 5-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்குக் கீமோவோடு நிவோலுமாப் சேர்த்துக் கொடுத்தபோது, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாக நீண்டது. இது சின்ன எண் என்று தோன்றும். ஆனால் மூன்று வருடம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் கீமோ மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 10 பேர், இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 21 பேர். எல்லோருக்கும் கேட்காது, கேட்கிறவர்களில் சிலருக்கு நீண்ட நாள் கேட்கும், இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

எம்.எஸ்.ஐ. சோதனைதான் நான் மிகவும் எதிர்பார்ப்பது. செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சிலருடைய கட்டியில் வேலை செய்யாது, பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிந்து, டி செல்லுக்குப் பழக்கமில்லாத துண்டுகள் ஏராளமாக வெளியே தெரியும். இவர்களுக்கு பிரேக்கை விடுவித்தால் பலன் மற்றவர்களைவிடப் பல மடங்கு. பரவிய நிலையில் நூற்றுக்கு நாலைந்து பேர்தான் இந்த வகை, ஆனால் அந்த நாலைந்து பேரில் அம்மா இருந்தால் சிகிச்சையின் திசையே மாறிவிடும். எப்ஸ்டைன் பார் வைரஸ் உள்ள கட்டிகளிலும் வெள்ளை அணுக்கள் நிறைய இருக்கும். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பரவும் டிஃப்யூஸ் வகையில் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது, அதற்கு வேறு மருந்துகளையும் யோசிக்க வேண்டும். புற்றுநோய்ச் செல்லின் மேல் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. கிளாடின் 18.2 என்ற புரதம் இருந்தால் சோல்பெடுக்ஸிமாப் என்ற மருந்து, அது புற்றுநோய்ச் செல்லில் போய் ஒட்டிக்கொண்டு வெள்ளை அணுக்களை அங்கே அழைத்துவரும். அந்தச் சோதனையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பிரேக்கை விட்டால் பக்கவிளைவும் அதே வழியில்தான் வரும். விழித்துக்கொண்ட டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் எதையும் தாக்கலாம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சுத்திணறல், வறட்டு இருமல், கண் மஞ்சள், காரணமில்லாத கடும் சோர்வு, இதில் எது வந்தாலும் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள், பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து அடக்க வேண்டாம். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கிவிடும். அம்மாவுக்கு முடக்குவாதம், சோரியாசிஸ் மாதிரி, எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய் ஏதாவது ஏற்கெனவே இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கஷாயம். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள், தெரியும். ஆனால் அம்மாவின் கல்லீரலில் ஏற்கெனவே கட்டி இருக்கிறது, கீமோவும் இம்யூனோதெரபியும் கல்லீரலைத் தொடும், நடுவில் கஷாயமும் சேர்ந்து ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறினால் எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது, நல்ல பலன் தந்துகொண்டிருக்கும் ஊசியைக்கூட நிறுத்த வேண்டி வரும். அதனால் இப்போதைக்கு வேண்டாம். அவர்களுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று அம்மாவுக்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இரைப்பைப் புற்றுநோயில் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையில் பாதி.

நீங்களும், அம்மாவின் உடன்பிறந்தவர்களும் ஹெலிகோபாக்டர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சை ஊதிச் செய்யும் சோதனை போதும், கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். இருந்தால் இரண்டு வார மருந்து. அம்மாவின் எம்.எஸ்.ஐ. ரிப்போர்ட் பாசிட்டிவாக வந்தால் அது பரம்பரையாக வந்ததா என்றும் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது உங்களுக்கும் உங்கள் அக்கா தம்பிகளுக்கும் குடல் பரிசோதனை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று மரபணு ஆலோசகர் சொல்வார். ரிப்போர்ட் வந்ததும் சி.பி.எஸ். எண்ணையும் எம்.எஸ்.ஐ., ஹெர்2 முடிவுகளையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.