கூட இருந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், நானும் போகலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இன்வாய்ஸ் பிராசஸிங் வேலை பார்க்கிறேன். 14 மாதம் ஆகிறது. என்னோடு சேர்ந்த 12 பேரில் 7 பேர் போய்விட்டார்கள். அப்பா, ‘ஒரே இடத்தில் நிலைத்து இரு’ என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 7 பேர் போனதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இந்த வேலைகளில் ஆட்கள் வருவதும் போவதுமாகத்தான் இருப்பார்கள். பதினைந்து, இருபது பேருக்கு ஒரு டீம் லீடர் என்றால் எத்தனை பேர்தான் மேலே போக முடியும்? உள்ளே கிடைக்கும் இன்க்ரிமென்ட்டைவிட, கம்பெனி மாறும்போது சம்பளம் அதிகமாக ஏறுவதும் உண்டு. போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வேலைக்குப் போனார்கள் என்று விசாரியுங்கள். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து அதே இன்வாய்ஸைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், கூடியது சம்பளம் மட்டும்தான்.

கடைசி ஆறு மாதத்தில் புதிதாக என்ன கற்றீர்கள்? இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பதிவது முதல் படி. ஒத்துப்போகாமல் நிற்கும் பில்லில் தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது, சரக்கு தரும் வெண்டார் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டை நம் கணக்கோடு சரிபார்ப்பது (வெண்டார் ரீகன்சிலியேஷன்), மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் குளோசிங், இவையெல்லாம் அடுத்தடுத்த படிகள். இன்டர்வியூவில் உங்களுக்கு மதிப்பு தருவது இந்த வேலைகள்தான்.

மேனேஜரிடம் ‘புரமோஷன் எப்போது?’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார். அதற்குப் பதில், ‘வெண்டார் ரீகன்சிலியேஷனில் என்னைப் போடுங்கள், மூன்று மாதம் செய்து காட்டுகிறேன்’ என்று கேளுங்கள். அப்புறம் ஐ.ஜே.பி. எனப்படும், கம்பெனிக்குள்ளேயே இருக்கும் காலியிடங்களுக்கான அறிவிப்புகளையும் கவனியுங்கள். பல கம்பெனிகளில் ஒரு வருடம் முடித்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் இடத்தில் விதி என்ன என்று ஹெச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் ஒன்றும் நகரவில்லையா? சரி, தாராளமாகத் தேடுங்கள். அப்பாவிடமும் இதையே சொல்லுங்கள். காரணத்தோடு போவது நிலையில்லாமல் அலைவது ஆகாது.

ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா செய்யாதீர்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பணத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துச் செலவழிக்காதீர்கள். கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். அடையாள எண் அதேதான், பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் 5 வருட சர்வீஸ் ஆவதற்குள் எடுத்தால் அது பொதுவாக வரிக் கணக்கில் வரும். ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். தப்பு இருந்தால் வேலையை விடும் முன்பே திருத்திவிடுங்கள்.