கக்குவான் இருமலும் 5 வாரக் குழந்தையும்

கேள்வி: கேப் டவுனில் வசிக்கிறோம். 8 வயது மகனுக்கு இதுவரை எந்தத் தடுப்பூசியும் போடவில்லை. வகுப்பில் அவன் பக்கத்தில் உட்காரும் மாணவனுக்குக் கக்குவான் இருமல் உறுதியாகியிருக்கிறது. மகனுக்கு நான்கு நாளாக மூக்கொழுகல், லேசான இருமல். இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது வரும் என்று யூடியூபில் கேட்ட அந்தக் 'கூவல்' சத்தம் இல்லை. நுரையீரல் கெட்டுவிடுமா? காசநோயாக மாறுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த அசித்ரோமைசின் (கிருமிக்கொல்லி மருந்து) 3 மாத்திரை இருக்கிறது, கொடுக்கலாமா? வீட்டில் 5 வாரக் கைக்குழந்தையும் உண்டு.

பதில்: கடைசியாக எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும். பையனை இந்த இருமல் இரண்டு மூன்று மாதம் பாடாய்ப் படுத்தலாம். ஆனால் பெரும்பாலும் தேறிவிடுவான். கைக்குழந்தைக்கோ இருமலே இல்லாமல் மூச்சு நின்றுபோகலாம். தூக்கத்திலோ பால் குடிக்கும்போதோ மூச்சு நிற்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இருமிவிட்டுத் துவண்டு விழுகிறது: இதில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அவசர உதவிக்குக் கைபேசியில் 112, இல்லாவிட்டால் ஆம்புலன்சுக்கு 10177. கூவல் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இந்த வயதில் அது வருவதே அபூர்வம்.

காசநோயாக மாறாது. நுரையீரல் நிரந்தரமாகக் கெடுவதும் அபூர்வம். இருமல் சிரப் எதுவும் இதற்கு வேலை செய்யாது, கோடீன் கலந்தது வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

மகனுக்கு இப்போது வெறும் சளிபோலத் தெரிவதுதான் சிக்கல். கிருமி அதிகம் பரவுவதும் இந்த முதல் இரண்டு வாரத்தில்தான், மருந்து நன்றாக வேலை செய்வதும் இப்போதுதான். தொடர் இருமல் பிடித்துக்கொண்டால், அப்புறம் மருந்து பரவுவதைத்தான் தடுக்கும், இருமலைக் குறைக்காது. ஆகவே இன்றே மருத்துவரிடம் போங்கள். மூக்கின் பின்பகுதிவரை குச்சி விட்டு எடுக்கும் பிசிஆர் சோதனை வேண்டும். முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த 3 மாத்திரையைத் தொடாதீர்கள். முழு மருந்து 5 நாள், அளவு எடையைப் பொறுத்தது. சோதனைக்கு முன் கொடுத்தால் கிருமி அகப்படாமலும் போகலாம். கைக்குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினம் ஒருமுறை, 5 நாள், அதுவும் திரவ மருந்தாக. மாத்திரையை உடைத்துக் கணக்கிடும் வேலை இதில் ஆகாது. கொடுத்த பிறகு குழந்தை பாலைப் பீய்ச்சியடித்து வாந்தியெடுத்தால் உடனே காட்டுங்கள். இருமல் இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகத் தாய்க்கு, மருந்து தேவை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

5 நாள் மருந்து முடியும்வரை பையன் பள்ளிக்கும் போகக்கூடாது, குழந்தை இருக்கும் அறைக்கும் போகக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் இந்த நோயை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் பயந்து ஒளிக்க வேண்டாம்.

தடுப்பூசி இந்தத் தொற்றை இனித் தடுக்காது. தேறியதும் மகனுக்கு அவன் வயதுக்குரியதைத் தொடங்குங்கள். குழந்தைக்கு அடுத்த வாரம் 6 வாரத் தடுப்பூசி. அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.